முன் கதவு சொன்ன முடிவு

இறுதிக் கணக்கு: பெரியப்பா 22, அக்கா மகன் 20. இடம்: பீடோங்கில் எங்கள் வீட்டுக் கூடம். நேரம்: போன ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆட்டம்: படத்தில் வரும் காடி என்ன காடி என்று கண்டுபிடிப்பது.

வாராவாரம் காற்பந்து அலசும் பத்தியில் இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு கோல் விழுந்தால், பந்து வலைக்குள் போன கணத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் அலசல் எழுதுவதில்லை. பந்து யார் காலிலிருந்து கிளம்பியது, தற்காப்பு எங்கே பிளந்தது என்று பின்னோக்கிப் போவோம். அன்றைக்கு எங்கள் கூடத்தில் நடந்ததும் அதே வேலைதான். 80 வயதுக்காரர் ஒருவரும் 22 வயதுப் பையன் ஒருவனும் மோதிய நல்ல ஆட்டம் அது.

விதிகள் எளியவை. திரையில் காடி தெரிந்ததும் படத்தை நிறுத்த வேண்டும். இருவரும் துண்டுச் சீட்டில் விடை எழுதுவார்கள். பெயர் சரியாக இருந்தால் 1 புள்ளி, காரணம் சரியாக இருந்தால் 2 புள்ளி. பத்துக் காடிகள், மொத்தம் 30 புள்ளிகள். கைப்பேசிகள் இரண்டும் குசினி அலமாரிக்குள். புள்ளிக் கணக்குப் பெரியம்மா கையில். காரணத்துக்கு இரட்டைப் புள்ளி என்ற விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். பெயரைக் குருட்டாம்போக்கில்கூடச் சொல்லிவிடலாம். காரணம் சொல்லக் கண் வேண்டும்.

முதல் பாதிக்கு அறுபதுகளின் நடுவில் சென்னையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மூன்றாவது காடியில் பையன் முந்தினான். பங்களா வாசலில் ஒரு பெரிய காடி வந்து நிற்கிறது. பெரியப்பா கொஞ்சமும் தயங்காமல் 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' என்று எழுதினார். பின்பக்கம் லேசாக எழும்பி நிற்கும் வாலையும் உருண்ட கூரையையும் காரணமாகக் காட்டினார். பையனின் சீட்டில் 'அம்பாசிடர், இரண்டாம் மார்க்' என்றிருந்தது. அவன் காட்டிய காரணம் முன் கிரில். நெருக்கமாகக் கட்டம் போட்ட அந்தக் கிரில் 1960களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த மாற்றம். 70களில் வந்த மூன்றாம் மார்க்கில் கிடைக்கோடுகள் வந்துவிட்டன.

பெரியப்பா ஏன் தவறினார்? அவர் பார்த்த உடம்பு சரிதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அச்சோடு வாங்கித்தான் கல்கத்தா அருகே உத்தரபாராவில் அம்பாசிடரைச் செய்தார்கள். 1950களின் கடைசியில் தொடங்கிய அந்த உற்பத்தி 2014 வரை ஓடியது. மலாயாவில் வளர்ந்த பெரியப்பாவுக்கு அந்த உடம்பின் பெயர் ஆக்ஸ்போர்டு. சென்னையில் வளர்ந்தவருக்கு அம்பாசிடர். உடம்பு ஒன்று, கரைக்கொரு பெயர். படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்ற கேள்வியைப் பெரியப்பா கேட்கவில்லை, பையன் கேட்டான். அந்தச் சுற்றில் 3 புள்ளியும் அவனுக்கே.

அதன்பின் பையன் ஏறுமுகம். ஏழாவது காடி முடிந்தபோது 3 புள்ளி முன்னிலையில் இருந்தான். ஆட்டம் திரும்பியது எட்டாவது காடியில்.

இரவுக் காட்சி. மழை. காடியின் மூக்கு இருட்டில் இருக்கிறது. விளக்கு, கிரில், எண்தட்டு எதுவும் தெரியவில்லை. கதாநாயகி இறங்கி ஓடுகிறாள், அவ்வளவுதான். இரண்டு விநாடி இருக்கும். உருவத்தின் அளவை வைத்துப் பையன் 'பிரிமியர் பத்மினி' என்று எழுதினான். பெரியப்பா எழுதி முடிக்க நேரமானது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பேர விடுடா. கதவப் பாரு. எந்தப் பக்கம் தொறக்குது?"

முன் கதவின் கைப்பிடி முன்பக்கம் இருந்தது. கீல் நடுத்தூணில். கதவு பின்பக்கமாகச் சாய்ந்து திறந்தது. அவர் சீட்டில் 'பியட் 1100, பழசு' என்று இருந்தது. பியட் 1100இன் முந்தைய வகைகளில் முன் கதவுகள் அப்படித்தான் திறக்கும். பின்னால் வந்த 1100டி வகையில் கதவு வழக்கமான பக்கத்துக்கு மாறியது. அந்த 1100டி-தான் இந்தியாவில் பல ஆண்டு ஓடி, 70களில் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. ஆக, பையனின் விடையில் இரட்டைப் பிழை. கதவு பொருந்தவில்லை. படம் வந்த காலத்தில் அந்தப் பெயரே பிறக்கவில்லை. பெரியப்பாவுக்கு 3, பையனுக்கு 0. கணக்கு சமம்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? பெரியப்பா தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த நாளில் லயத்துக்கு வரும் செம்மண் சாலையில் ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி வந்தால் அதிகம். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு சேதி. துரையின் லேண்ட் ரோவர் வந்தால் திடலில் விளையாடும் பிள்ளைகள் கலைய வேண்டும். பெரிய கிராணியின் மோரிஸ் மைனர் என்றால் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவசரகாலத்தில் போலீஸ் வண்டி என்றால் கதவைச் சாத்த வேண்டும். தூசி அடங்குவதற்கு முன்னால் எந்த வண்டி என்று தெரிந்தாக வேண்டும். அன்றைக்கு அது பிழைப்பு. மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, அதே கண் திரைக்கும் போனது.

மோரிஸ் மைனரை அவர் பிரித்துச் சொல்வதைக் கேட்க வேண்டும். முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000. திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று எழுந்து ஒளிர்ந்தால் 1961க்குப் பிந்தியதாக இருக்காது. லேண்ட் ரோவரில் இரண்டு விளக்கும் நடுவில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பழையது. 60களின் கடைசியில் விளக்குகள் இரு சிறகுக்கும் தள்ளிப் போயின. இவற்றையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இரண்டாம் பாதியில், மலேசியாவில் எடுத்த வண்ணப்படம் ஒன்றின் கடைசிப் பகுதியைப் போட்டோம். இங்கே பையன் எண்தட்டையே நம்பினான். டபிள்யூ என்றால் கோலாலம்பூர், பி என்றால் பினாங்கு, கே என்றால் நம் கெடா, டாக்சி என்றால் எச் முன்னால் வரும், நம் ஊர் டாக்சிக்கு எச்.கே. இதெல்லாம் நல்ல அறிவு. ஆனால் படப்பிடிப்புக்காகத் தட்டை மாற்றுவது எந்த நாட்டிலும் உண்டு. தட்டைக் கழற்ற இரண்டு திருகாணி போதும், கதவின் கீலை யாரும் மாற்றுவதில்லை. ஒன்பதாவது காடியில் தட்டை மட்டும் காரணமாக எழுதியதால் பையனுக்கு 1 புள்ளிதான் கிடைத்தது. பெரியப்பாவுக்கு 3. ஆட்டத்தின் முடிவை எழுதியது அந்த 2 புள்ளி.

பத்தாவது காடிக்கு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். தெருவோரத்தில் புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் வந்த முதல் தேசியக் காடி. உடம்பு மிட்சுபிஷி லான்சர் பியோரே. கிரிலில் பிறையும் 14 முனை நட்சத்திரமும் இருந்தால்தான் அது சாகா. மறுபடியும் அதே பாடம்: உடம்பு ஒன்று, பெயர் வேறு. விளையாட்டு ரசிகர்கள் இதை மறக்க முடியாது. 2002இல் கரம்ஜிட் சிங் உலக ராலி உற்பத்திக் காடிப் பிரிவில் பட்டம் வென்றது புரோட்டோன் பெர்ட் காடியில். அந்தப் பெர்ட்டின் உடம்பு மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன். பெயரைப் படித்தவனுக்குப் பாதிதான் தெரியும். உடம்பைப் பார்த்தவனுக்கும் பாதிதான் தெரியும்.

எனக்கு அன்று மிகவும் பிடித்த புள்ளி இருவரும் எடுக்காதது. முதல் படத்தில், மழையில் மண் சாலை வழியே வெகுதூரம் வந்ததாகச் சொல்லப்படும் காடி வீட்டு வாசலில் நிற்கிறது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "டயர்ல ஒரு பொட்டு சேறு இல்லையே. இது எங்கேருந்து வந்துச்சு?" இருவரும் வாயடைத்துப் போனார்கள். அது தனியாக எடுத்து ஒட்டிய காட்சி என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது.

பெரியம்மா 30 வருஷம் பால் மரம் வெட்டியவர். விடியும் முன், விளக்கு வெளிச்சத்தில், உள்மரத்தில் காயம் படாமல் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுப் பட்டையைச் சீவியெடுத்த கண் அது. கத்தி கொஞ்சம் ஆழப் போனால் மரத்தில் முண்டு விழும், மண்டோர் பேசுவார். அந்தக் கண்ணுக்குத் துப்புரவான டயர் தப்புமா? அவர் வெட்டிய பால் கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று டயர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற காட்சிகளையும் இப்படிப்பட்ட கண்கள் விட்டுவைத்ததில்லை. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் ஒரு மஸ்டாங்கும் ஒரு டாட்ஜ் சார்ஜரும் துரத்திக்கொள்ளும் காட்சி ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். அந்தத் துரத்தலில் ஒரே பச்சை பீட்டிலைத் திரும்பத் திரும்பக் கடக்கிறார்கள். சார்ஜரிலிருந்து கழன்று விழும் சக்கர மூடிகளை எண்ணினால் நான்கைத் தாண்டும். ஒரே ஓட்டத்தைப் பல கோணத்தில் எடுத்து ஒட்டியதன் தடயம் அது. பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூடியை எண்ணியிருப்பார்.

இப்போது என் தீர்ப்பு. பெரியப்பாவின் பலம் இரும்பு: கீல், விளக்கு, கண்ணாடி. பலவீனம், எல்லாக் காடியையும் மலாயாக் காடியாகவே பார்ப்பது. பையனின் பலம் காலமும் இடமும். பலவீனம், கேள்விப்பட்ட பெயரை முதலில் எழுதிவிட்டுப் பிறகு காரணம் தேடுவது. பெரியம்மாவின் பலம், காடியோடு சேர்த்து அது வந்த வழியையும் பார்ப்பது. மூவரையும் எதிரெதிரே உட்காரவைத்தது என் தவறு. ஒரே அணியில் போட்டிருக்க வேண்டும்.

இதை விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் தோட்டத்துக் கதைகள் திரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் அறுபதுகளின் தோட்டத்தைக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்து, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் தொண்ணூறுகளைச் சொல்லி, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. இன்னும் பல கதைகள் வர வேண்டும். அப்படி எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்னக் கணக்கு: இஸ்வாரா 1992, வீரா 1993, கான்சில் 1994, வாஜா 2000, மைவி 2005. 1990இல் நடக்கும் கதையில் தெருவோரம் ஒரு கான்சில் நின்றால், படம் பார்க்கும் ஒரு பெரியவர் அந்த நொடியே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். ஆண்டுப் பட்டியலை எங்கும் தேடி எடுக்கலாம். கிராணி காடியை எங்கே நிறுத்துவார், துரை காடியில் யார் ஏறலாம், எது வந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பதெல்லாம் பாடாங் செராயிலும் லூனாஸிலும் கோலகெட்டிலிலும் இன்று 80 வயதில் இருப்பவர்களிடம்தான் கிடைக்கும். அவர்களை இப்போதே கேட்க வேண்டும்.

அக்கா மகன் வேலை செய்வது கூலிமில், காடி பொருத்தும் ஆலையில். கூலிம் சாதாரண ஊர் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷ காடி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 2022இல் அங்கேதான், சைம் டார்பியோடு சேர்ந்து. அந்த சைம் டார்பி 1910இல் ரப்பரில் தொடங்கிய நிறுவனம். பாட்டி பால் வெட்டிய மாநிலத்தில் பேரன் கதவு மாட்டுகிறான். கீல் எந்தப் பக்கம் என்பது அவனுக்குக் கையால் தெரிந்த சங்கதி. அதைக் கண்ணாலும் பார்க்க அன்று கற்றுக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்து கோடு போட்டான். காடியின் பெயர், ஆண்டு, எதனால் தெரிந்தது, யார் சொன்னது என்று நான்கு கட்டம். முதல் வரியைப் பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினான்: பியட் 1100, பழசு, முன் கதவு பின்பக்கம் தொறக்கும், தாத்தா. இரண்டாவது வரியில் காடியின் பெயர் இல்லை. சேறு இல்லாத டயர், பாட்டி என்று மட்டும் இருந்தது.