போர்க் கைதிகளின் கதையை ரசிப்பது எப்படி?

இளம் வாசகர்களுக்கென்று கிறிஸ்தவ எழுத்தாளர்கள் இயற்றிய சரித்திர நவீனங்களுள், யுத்த காலத்துச் சிறைவாசத்தைப் பொருளாகக் கொண்டவை ஒரு தனி வகுப்பாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், கதாநாயகன் மதிலை எப்படித் துளைத்தான், காவலனை எப்படி ஏமாற்றினான், ஆற்றை எப்படி நீந்திக் கடந்தான் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த மாத்திரத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்த வயதுக்கு அது இயல்பே. ஆயினும், தப்பி ஓடிய ஒரு இரவுக்கு முன்னால் சிறையில் கழிந்த ஆயிரம் நாட்களை ஆசிரியன் எதனால் நிரப்புகிறான் என்பதையும், சிறைவைத்த பகைவனை அவன் எந்தக் கண்கொண்டு பார்க்கிறான் என்பதையும் கவனித்துப் படிக்கப் பழகிய பிள்ளைக்கே இவ்வகை நூலின் முழுச் சுவையும் கிட்டும் என்பது என் துணிபு.

தருமபுரிச் சீமையில் வாழும் நமக்கு இந்தப் பழக்கம் எளிதில் கைகூடும். பாரமகால் என்று அன்று வழங்கப்பட்ட இந்நிலம், ஆர்க்காட்டுச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே படிபோல் அமைந்து, 18ஆம் நூற்றாண்டின் மைசூர் யுத்தங்கள் நான்கிலும் படைகள் ஏறியிறங்கிய கணவாய்களைத் தன்னகத்தே கொண்டது. காவேரிப்பட்டணமும் கிருஷ்ணகிரியும் இராயக்கோட்டையும் பெண்ணாகரமும் அந்த யுத்தங்களின் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் தங்கி நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் அதே யுத்தங்களில் போர்வீரராக இருந்தவரே. ஒரு நாவலாசிரியன் 'கோட்டை' என்று எழுதினால், வேற்றூர்ப் பிள்ளை ஒரு படத்தைக் கற்பனை செய்ய வேண்டும். நம் பிள்ளையோ இராயக்கோட்டை மலையை நினைத்துக்கொண்டால் போதும். ஆகையால் முதல் வேலையாக ஒரு வரைபடத்தைப் பிள்ளையின் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு வாசிப்பைத் தொடங்குங்கள்.

இனி, இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணாக விளங்கும் ஒரு சிறு கதையைச் சொல்லவேண்டும். வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்களின் ஐந்தாம் அதிகாரத்தில், சீரியப் படைகள் இஸ்ரவேல் நாட்டிலிருந்து சிறைபிடித்துச் சென்ற ஒரு சிறுபெண், அந்தப் படையின் தளபதியாகிய நாகமானின் மனைவிக்குப் பணிவிடை செய்பவளாக இரண்டே வசனங்களில் வந்து போகிறாள். அவளுடைய பெயர் சொல்லப்படவில்லை. பெற்றோர் உயிருடன் இருந்தார்களா, வீடு எரிக்கப்பட்டதா என்பதும் சொல்லப்படவில்லை. தன்னைச் சிறைகொண்டவனுக்குக் குஷ்டம் என்று அறிந்து, அவன் சமாரியாவிலிருக்கும் தீர்க்கதரிசியிடம் போனால் நலமாவானே என்று எஜமானியிடம் அவள் ஆசைப்பட்டுச் சொன்னாள் என்ற செய்தி மட்டுமே சொல்லப்படுகிறது. நாகமான் யோர்தானில் மூழ்கிக் குணமடைந்து திரும்புகிறான். அந்தப் பெண் விடுதலையானாளா என்று கதை சொல்லவே இல்லை! இந்த மௌனத்தைப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள். 'அவள் ஏன் பழிவாங்க நினைக்கவில்லை?' என்று அவர்களே கேட்கும் வரையில் பொறுத்திருந்தால், தப்பித்தல் என்பதே இல்லாத ஒரு சிறைக்கதை எவ்வளவு உயரத்துக்குப் போகக்கூடும் என்பது அவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

அதே வேதாகமத்தில், பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடு இரவில் பாடிக்கொண்டிருக்க, பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகொண்ட சம்பவமும் உண்டு. ஓய்வுநாள் பாடசாலைகளில் பூமியதிர்ச்சியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கதையின் சிகரமோ அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது: கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளப் பட்டயத்தை உருவிய சிறைக்காவலனை, ஓடிப்போகாமல் உள்ளேயே இருந்த பவுல் குரல் கொடுத்துத் தடுத்துவிடுகிறான். கிறிஸ்தவ நவீனம் ஒன்றைச் சீர்தூக்கிப் பார்க்க இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் அறியேன். ஜெபம் செய்தான், உடனே பூட்டுத் திறந்தது என்று எழுதும் ஆசிரியன் ஜெபத்தையும் கெடுக்கிறான், கதையையும் கெடுக்கிறான். ஜெபித்தவனுடைய மனம் காவலனின் பால் எவ்வாறு திரும்பிற்று என்று காட்டும் ஆசிரியனே மதிக்கத் தக்கவன். ஆகவே, பிரார்த்தனை வரும் பக்கங்களில் சற்று நின்று, அதன்பின் கதாபாத்திரத்தினிடம் மாறியது என்ன என்று தேடிப் பாருங்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே வேறொரு செல்வமும் உண்டு. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் அடைபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தாகத்துக்குக் கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்து வந்தமையால் அதைப் பருகாமல் உயிர் துறந்தான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. மானத்தையே உயிரினும் மேலாகக் கருதிய அந்த மன்னனையும், மானமெல்லாம் பறிபோன நிலையிலும் பகைவனின் நோய்க்கு இரங்கிய அந்த அடிமைச் சிறுமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு மொழிப் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதன்று. இருவரில் யார் பெரியவர் என்று தீர்ப்புக் கூறச் சொல்லாதீர்கள். இருவரையும் ஒருங்கே நேசிக்கக் கூடிய இருதயம் விசாலமானது.

சரித்திரத்துக்கு வருவோம். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினியாரின் கர்னல் பெய்லியின் படை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் அழிந்தது. பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டார்கள். பெய்லி அங்கேயே 1782இல் இறந்தார். டேவிட் பெயர்டு என்னும் இளம் அதிகாரி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்து, 1784இல் மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகே வெளிவந்தார். அவருடைய சரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. கைதிகளுக்கு விலங்கு பூட்ட வந்தபோது, பெயர்டின் காலில் ஆறாத புண் இருப்பதைக் கண்ட காப்டன் லூக்காஸ், அந்தக் காலில் இரும்பு ஏறினால் அவர் பிழைக்கமாட்டார் என்று மன்றாடினார். எத்தனை கைதிகளோ அத்தனை விலங்குகளும் பூட்டப்பட்டாகவேண்டும் என்று பதில் வந்தது. அப்படியானால் இரண்டையும் என் காலிலேயே பூட்டுங்கள் என்றார் லூக்காஸ். அதைக் கேட்டு, விலங்கு பூட்ட வந்த அதிகாரியின் மனமும் இளகிற்றாம்.

உண்மையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இத்தகைய ஒரு செய்கையை எதிர்கொள்ளும்போதுதான் நாவலாசிரியனின் தரம் வெளிப்படுகிறது. அற்பமான கலைஞன் லூக்காஸின் வாயில் அரைப் பக்கத்துக்கு உபதேசத்தை வைத்துவிடுவான். தேர்ந்தவனோ இரண்டு விலங்குகளின் பாரத்தையும் அந்த அதிகாரியின் தயக்கத்தையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவான். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்னும் வேதத்தின் கட்டளை வாசகனுக்குத் தானே நினைவுக்கு வரும். மேலும், இளகியவன் பகைவனின் ஆள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கத் தவறக்கூடாது. கைதியின் தியாகத்தை மட்டும் எழுதி, காவலனின் இளக்கத்தை விட்டுவிடும் ஆசிரியனிடத்தில் விசுவாசத்தைக் காட்டிலும் தேசாபிமானமே மிகுந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

இந்தக் களத்தில் இளைஞர்களுக்காக எழுதப்பட்ட நவீனங்களுள் பெயர் பெற்றது, ஆங்கிலேயரான ஜி. ஏ. ஹென்டி 1890களில் எழுதிய 'மைசூர்ப் புலி'. மைசூரில் கைதியாய் இருக்கும் தந்தையைத் தேடி, டிக் ஹாலண்ட் என்னும் சிறுவன் மாறுவேடத்தில் ஹைதரின் மகன் திப்புவின் நாட்டுக்குள் நுழைவதே அதன் கதை. யுத்த நிருபராக இருந்த ஹென்டிக்குப் படைகளின் நடமாட்டத்தை எழுதும் கை தேர்ந்த கை. அந்தப் பகுதிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது இன்பமான காரியம். அவருடைய நூல்கள் இங்கிலாந்தின் ஞாயிறு பள்ளிகளில் பரிசாக வழங்கப்பட்டவை. ஆனால் அவற்றின் அறம் பெரும்பாலும் தைரியம், வாய்மை, இராஜ விசுவாசம் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. திப்பு அங்கே கொடுங்கோலனாக மட்டுமே வருகிறார். நாகமான் வீட்டுச் சிறுமியின் கண்ணோட்டத்தை அந்நூலில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்காக நூலை ஒதுக்கவேண்டாம். ஓட்டத்தை ரசித்துக்கொண்டே, இங்கே யார் யார் விடுபட்டார்கள் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

விடுபட்டவர்கள் பலர். பொள்ளிலூரில் வெள்ளையரோடு சேர்ந்து பிடிபட்ட சிப்பாய்கள் நம் நாட்டவர். 1784இல் கனராக் கரையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்ட மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1799 வரையில் அவர்களுக்கு விடிவு பிறக்கவில்லை. மறுபுறத்தில், 1792 உடன்படிக்கையின்படி திப்புவின் புதல்வர்களான அப்துல் காலிக்கும் முயிஸ்-உத்-தீனும், மீசை அரும்பாத வயதில் கும்பினியாரின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பணயமாக ஒப்படைக்கப்பட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். கைதியாகும் பிள்ளைக்கு இரு தரப்பிலும் ஒரே கண்ணீர்தான் என்பதை உணர்த்த, இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரு தரப்பின் நம்பிக்கையையும் ஒருங்கே பெற்ற ஒரு மனிதரும் அக்காலத்தில் இருந்தார். தரங்கம்பாடி மிஷனுக்காக இந்நாட்டுக்கு வந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ், 1779இல் கும்பினியாரின் வேண்டுகோளின்படி ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதரைக் கண்டார். யுத்தம் மூண்ட பிறகும் அந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடுமாறு ஹைதர் தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருந்தார். இத்தகைய பாத்திரம் ஒரு சிறைக்கதையில் வந்தால், அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட, எவரெவர் அவருக்கு வாசலைத் திறந்துவிடுகிறார்கள் என்று பார்த்துப் படிப்பதே சுவை.

தெற்கே போனால், கைதியே கதாநாயகனாகும் அற்புதத்தைக் காணலாம். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களுள் ஒருவரான டிலனாய், அந்நாட்டின் சேனாபதியாக உயர்ந்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையில் தமிழும் லத்தீனும் பொறிக்கப்பட்டுள்ளன. அவரோடு பழகியதன் பயனாகக் கிறிஸ்துவை அறிந்த அரண்மனை ஊழியர் நீலகண்டபிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். பின்னர் தாமே கைதியாகி, 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். போரில் சிறைப்பட்ட அந்நியன் ஒருவன் தந்த விசுவாசத்துக்காக, அந்த மண்ணின் மைந்தன் சிறைப்பட்டான் என்ற இந்த வட்டத்தைக் காட்டிலும் நாடகத்தன்மை வாய்ந்த கதைப்பொருள் இளையோருக்கு அரிது.

இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரிடம் கைதியாய் உழைத்து, பிற்காலத்தில் குருவானவராகிய எர்னஸ்ட் கார்டனின் நினைவுநூல், வெறுப்பு கருணையாக மாறும் வரலாறாக உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் திரள் திரளாக மடிந்தார்கள். ஆகவே, அத்தகைய நூலொன்றைப் படித்து முடித்த இளைஞன், மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் அடுத்துப் படிக்கட்டும். படுக்கைகூட இல்லாமல் மாண்ட நம்மவர்கள், பிறர் எழுதிய கதைகளில் பின்னணியாக மட்டுமே நின்றுபோனதை அவன் அறிந்துகொள்வான்.

வாசிக்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய நூல்களை வீட்டில் உரக்க வாசிப்பது நலம். தப்பித்தல் வரும் அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, காத்திருக்கும் அத்தியாயங்களை நாளுக்கு ஒன்றாக நிதானித்து வாசியுங்கள். கைதி நாளைக் கணக்கிட்ட விதம், உணவைப் பங்கிட்ட விதம், நோயுற்ற தோழனைத் தூக்கிச் சென்ற விதம் ஆகிய சிறு விவரங்களில்தான் ஆசிரியன் பழைய ஏடுகளைப் படித்திருக்கிறானா, அல்லது தன் மேஜையிலிருந்தே சமைத்தானா என்பது தெரியவரும். விடுமுறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிறவர்கள், பெய்லியின் பெயரால் காட்டப்படும் நிலவறையைப் பார்ப்பதற்கு முந்திய இரவு ஹென்டியின் ஓர் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம்.

அங்கே நிற்கையில், 1799 மே 4ஆம் தேதியின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். முன்பு அதே ஊரில் விலங்கோடு கிடந்த பெயர்டுதான் அன்று கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். அரண்மனைக்குள் சென்ற மேஜர் ஆலன், அங்கிருந்த இளவரசர்களுள் முயிஸ்-உத்-தீனைக் கண்டதும், முன்னொரு நாள் பணயமாக ஒப்படைக்கப்பட்ட பிள்ளை இவனே என்று அடையாளம் கண்டுகொண்டார். ஆங்கிலக் கைதிகள் கொல்லப்பட்ட செய்தி கேட்டுச் சினத்தோடு வாசலில் நின்றிருந்த பெயர்டு, வெளியே அழைத்துவரப்பட்ட அந்த இளவரசர்களைப் பரிவோடு ஏற்று, அவர்களுக்கு யாதொரு தீங்கும் நேராது என்று வாக்களித்தார். அந்த வாசலில் ஒரு பழைய கைதியும் ஒரு பழைய பணயப் பிள்ளையும் எதிரெதிரே நின்ற நிமிஷத்தில் ஒவ்வொருவர் மனத்திலும் என்ன ஓடியிருக்கும் என்று, ஒரு பக்கம் பெயர்டின் வாயாகவும் மறு பக்கம் முயிஸ்-உத்-தீனின் வாயாகவும் உங்கள் பிள்ளைகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.