களை என்று முடிவு செய்தது யார்?

2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூர் சாங்கி சிறையில் நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்பட்டார். பேராக்கைச் சேர்ந்தவர். 2009-இல் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டவர். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மருத்துவர் ஒருவர் மதிப்பிட்டிருந்தார். அன்று மாலை சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில், எங்கள் வாசகர் வட்டத்து அண்ணன் ஒருவர் 550-ஆம் குறளைச் சொல்லிவிட்டு, "வள்ளுவரே சொல்லிட்டாரு தம்பி, அப்புறம் என்ன?" என்றார். அவருடைய அக்கா மகன் போதைப்பொருளால் போனவன். அதனால் நான் வாதம் செய்யவில்லை. ஆனால் அந்தக் குறள் என்னை விடவில்லை.

கொடியவரை அரசன் கொன்று ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பதைப் போன்றது என்கிறது அது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்தவரா இப்படி எழுதினார் என்று கேட்டால், நம் மேடைகளில் விடை தயாராக இருக்கும்: அது துறவிக்கு, இது அரசனுக்கு. சரி, நான் இரண்டுமே இல்லையே! ஓட்டுப் போடுகிறவன். என் பெயரால் அரசு ஒருவரைக் கொல்லும்போது நான் எந்த அதிகாரத்தில் நிற்பது?

கொலை செய்யும் கொடியவரை என்றும் அந்தக் குறளைப் படிக்கலாம். கொடியவரைக் கொலைத் தண்டனையால் என்றும் படிக்கலாம். பரிமேலழகர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, தீ வைப்பவர், நஞ்சிடுபவர், கள்வர், வழிப்பறி செய்பவர், பிறன்மனை விழைபவர் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறார். களை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பட்டியல் வளரத்தான் செய்யும்.

மரண தண்டனை பற்றி 1957-இல் எழுதிய கட்டுரையை ஆல்பெர் கமூ தன் அப்பாவிடமிருந்து தொடங்குகிறார். ஒரு குடும்பத்தையே கொன்றவனுக்குத் தலைவெட்டு சரிதான் என்று நம்பி அதைப் பார்க்கப்போன மனிதர், வீடு திரும்பி வாந்தி எடுக்கிறார். கமூவின் தத்துவம் அந்த வாந்தியில் இருக்கிறது என்றே சொல்வேன். களை உவமையில் ரத்தம் கிடையாது, பார்த்தவனுக்குக் குமட்டலும் கிடையாது. வள்ளுவர்மீது எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான்.

அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்தவர். தோளில் தோம்பு, மூக்கில் துணி. கீழாநெல்லி தென்பட்டால் மட்டும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பிறகுதான் அந்த இடத்தில் அடிப்பாராம். மஞ்சள்காமாலைக்கு ஆகும். கிராணியைப் பொறுத்தவரை அதுவும் களைதான்.

மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. நீதிபதி நினைத்தால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம், தூக்கும் கொடுக்கலாம். அடுத்த சந்திப்புக்கு உரையோடு 550-ஐ எடுத்திருக்கிறோம். அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.