தலையெழுத்தைப் படிக்கும் ஸ்கவுட்: ஒரு பேஸ்பால் விளையாட்டின் அனுமானங்கள்

'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' கணினி விளையாட்டில் நீங்கள் மட்டையைத் தொட வேண்டியதில்லை. ஜெனரல் மேனேஜர் நாற்காலிதான் உங்களுக்கு. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை மைனர் லீக்கில் விட்டு வளர்ப்பது, இதுதான் வேலை. மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மன்காரர் உருவாக்கி 1999இல் வெளிவந்தது. இன்றும் வருடா வருடம் புதுப் பதிப்பு வருகிறது. புள்ளிவிவர ஆழத்தில் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம். அதனால்தான் இதன் அடித்தளத்தில் இருக்கும் ஓர் அனுமானத்தைக் கொஞ்சம் குடைந்து பார்க்கத் தோன்றுகிறது.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்குள்ளும் ஒரு நிஜமான எண் இருக்கிறது என்பதே அந்த அனுமானம். பேட்டருக்கு காண்டாக்ட், பவர் முதலியவை. பிட்சருக்கு ஸ்டஃப், மூவ்மென்ட், கன்ட்ரோல். ஒவ்வொன்றிலும் இன்றைய எண் ஒன்று, நாளை எட்டக்கூடிய எண் ஒன்று. ஸ்கவுட் அதைக் கொஞ்சம் பிழையோடு உங்களுக்குச் சொல்வார். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டைக் கூட்டினால் பிழை குறையும். நம் ஊர் பாஷையில் சொன்னால், தலையெழுத்து ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. நல்ல ஜோசியரைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

நிஜ பேஸ்பால் அப்படியா இருக்கிறது? ஹோசே பாட்டிஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் ஒரே சீசனில் நாலு அணிகளுக்கு ஆடியவர். 2008இல் பிட்ஸ்பர்க் அவரை டொரன்டோவுக்குச் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டது. எந்த சீசனிலும் அவர் 16 ஹோம் ரன்களைத் தாண்டியதில்லை. 2010இல் 54 அடித்தார். மட்டை வீச்சைச் சற்று முன்னதாகவே தொடங்கப் பழகியதுதான் முக்கியக் காரணம். அப்படியானால் 2008இல் எந்த ஸ்கவுட் தப்பாகப் படித்தார்? யாருமே இல்லை. படிப்பதற்கு அந்த எண் அப்போது அவருக்குள் இல்லவே இல்லை.

இதை விளையாட்டு முழுசாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. திறன் திடீரென ஏறி இறங்கும் தற்செயலின் அளவை நீங்களே செட்டிங்கில் மாற்றலாம். ஆனால் அது பகடை. "இவரிடம் எதை மாற்றினால் இவர் மாறுவார்?" என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. நல்ல அணிகள் முதலில் கேட்பதே அந்தக் கேள்வியைத்தான்.

இரண்டாவது சிக்கல் சந்தை. மற்ற 29 அணிகளையும் ஓட்டுவது ஒரே நிரல். ஸ்கவுட்டின் பிழை அணிக்கு அணி வேறு. ஜெயிக்கத் துடிக்கும் அணி மூத்தவரையும், புதிதாகக் கட்டும் அணி இளையவரையும் கேட்கும். ஆனால் எடைபோடும் தராசு ஒன்றே. திறன் மதிப்பெண், இந்த வருட ஆட்டக்கணக்கு, போன வருடம், அதற்கு முந்தின வருடம் என எதற்கு எவ்வளவு எடை என்பது ஒரு செட்டிங் பக்கத்திலேயே இருக்கிறது. பேரம் படிய இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க ஒரு பொத்தானும் உண்டு. எதிராளியின் மனக்கணக்கு இலவசமாகக் கைக்கு வந்துவிடுகிறது.

2002இல் ஓக்லாண்ட் அணி, முழங்கைக் காயத்தால் கேட்சர் வேலையை இழந்த ஸ்காட் ஹாட்டபெர்க்கை முதல் பேஸில் நிறுத்தி ஜெயித்தது. பந்தைப் பொறுத்திருந்து விட்டு 'வாக்' வாங்கும் திறமையை மற்ற அணிகள் குறைவாக விலை போட்டதால்தான் அது சாத்தியமானது. சில வருடங்களில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், அந்த மலிவு விலை காணாமல் போனது. விளையாட்டிலோ முதல் சீசனில் கண்டுபிடித்த ஓட்டை இருபதாவது சீசனிலும் திறந்தே கிடக்கும்.

என் யோசனை இது: திறன் மதிப்பெண்களைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடுங்கள். மற்ற அணிகளின் கணக்கிலும் அவற்றின் எடையைப் பூஜ்யமாக்குங்கள். உள்ளே எண் இருக்கத்தான் செய்யும், ஆனால் எல்லோரும் ஆட்டக்கணக்கை மட்டும் பார்த்துப் பேரம் பேசுவார்கள். அப்போதுதான் நிஜமான கஷ்டம் புரியும். திறன் மாறவே இல்லை என்று வைத்தாலும், .265 தரமுள்ள பேட்டர் 100 வாய்ப்புகளில் 30 அல்லது அதற்கு மேல் ஹிட் அடிக்க கிட்டத்தட்ட நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆக .300 என்ற ஒரு மாதக் கணக்கை வைத்து யாரையும் வாங்கிவிட முடியாது. ஸ்ட்ரைக் அவுட், வாக் விகிதங்கள் சீக்கிரம் நிலைப்படும். அவற்றை முதலில் பாருங்கள், பேட்டிங் சராசரியைக் கடைசியில்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும்? ஐடி துறையில் வருடா வருடம் ஆட்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம். ஒருவர் மூன்று வாங்கினால், அவருக்குள் ஒரு மூன்று இருந்தது, மேனேஜர் அதைப் படித்துச் சொன்னார் என்றுதான் பேசிக்கொள்கிறோம். எந்தக் குழுவில், யாரிடம், என்ன வேலையில் என்று யாரும் கேட்பதில்லை. பிட்ஸ்பர்க்கில் இருந்தவரை பாட்டிஸ்டாவும் மூன்றுதான்.