முகவரி கிடைத்தது, ஆள் யார்?

இரயில் நிலையத்தில் இலவச வை-ஃபை இணைப்பைத் தொட்டதும் அது முதலில் கேட்பது உங்கள் செல்பேசி எண்ணை. ஓ.டி.பி. வந்து, அதைப் பதிந்த பிறகே இணையம் திறக்கிறது. இந்தச் சடங்கு எதற்காக என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. சற்று முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐ.பி. முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய வை-ஃபைக்குக் கடவுச்சொல் இல்லை. வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பொது இடங்களில் வை-ஃபை தருவோர், பயன்படுத்துபவரின் புகைப்படச் சான்றையோ செல்பேசி எண்ணையோ பெற்று ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது.

நோக்கத்தில் குறையில்லை. ஆனால் சட்டம் தேடுவது ஒரு மனிதரை. கருவி தருவதோ ஓர் எண்ணை. இந்த இடைவெளியைச் சட்டம் எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே என் குறை.

வை-ஃபை அலைகளில் ஒரு வகையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. செங்கல் சுவர் இவ்வலைகளை வலுக்குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. எனவே உங்கள் வீட்டு இணைப்பு உங்கள் வாசலோடு நிற்பதில்லை. அடுத்து, வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருந்தாலும் பொதுவாக ரௌட்டர் அவை அனைத்தையும் ஒரே வெளி முகவரியில்தான் இணையத்துக்கு அனுப்புகிறது. கூட்டுக்குடும்பத்துக்கு ஒரே கதவு எண் இருப்பது போல! கருவிக்கென்று 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டே என்பீர்கள். அது ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. போதாக்குறைக்கு, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பல செல்பேசிகள் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன.

ஜெர்மனியில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் ஏறியது. வீட்டுக்காரர் விடுமுறையில் வெளியூரில் இருந்தபோது யாரோ அவருடைய வை-ஃபை வழியே ஒரு பாட்டைப் பகிர்ந்துவிட்டார்கள். 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இழப்பீடு தர வேண்டாம், ஆனால் இணைப்பைச் சரியாகப் பூட்டாததற்கு அவர் பொறுப்பாவார் என்றது. 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம், மியூனிக் அருகே ஒலி-ஒளிக் கருவிகள் விற்கும் ஒருவரின் வழக்கில் இன்னும் ஒருபடி சென்றது. கடைக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் கடவுச்சொல் வைக்குமாறும், அடையாளம் காட்டியவருக்கே அதைத் தருமாறும் உத்தரவிடலாம் என்றது.

இங்குதான் எனக்கு உடன்பாடில்லை. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், பெயர்களை எழுதி வைத்தாலும், உள்ளே வந்தவர்களில் தவறு செய்தவர் யார் என்று அது எப்படிச் சொல்லும்? அதைச் சிலேட்டில் எழுதிக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டால் அந்தப் பெயர்ப்பட்டியலும் இல்லை! அந்தப் பூட்டு வெளியாளைத் தடுக்கும், உள்ளாளைக் காட்டாது. ஜெர்மனியே 2017-இல் சட்டத்தைத் திருத்தி, வை-ஃபை தருவோரின் தலையிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவிட்டது.

நம் ஓ.டி.பி. முறை இதைவிடச் சற்று மேல்தான், ஆளுக்கொரு பதிவாவது இருக்கிறது. எனினும் அது காட்டுவது சிம் அட்டையை. அட்டை யார் பெயரிலும் இருக்கலாம், செல்பேசி யார் கையிலும் இருக்கலாம். ஏமாற்ற நினைப்பவன் இந்த ஓட்டையைத் தேடிப் போவான். நேர்மையாக இரயில் நேரம் பார்த்தவரின் எண்தான் ஏட்டில் கிடக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கிடையே இயங்கும் எஜுரோம் என்ற அமைப்பைப் பாருங்கள். இந்தியாவிலும் அது உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. வேறு ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது உங்கள் சொந்தக் கல்லூரிதான். விருந்தளிக்கும் கல்லூரிக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பது தெரிந்தால் போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை. முறையான விசாரணை வந்தால் நேரத்தைக் கொண்டு உங்கள் கல்லூரியின் பதிவேட்டில் தேடலாம். இரயில் நிலையத்துக்கும் இதுபோல் ஒன்றை ஏன் யோசிக்கக் கூடாது?