ஈடுபாடும் கற்றலும்: தொழிற்கல்வி வகுப்பறை குறித்து ஒரு மதிப்பீடு

"புரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்கிறார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பு மொத்தமும் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் அன்றாடம் கேட்கும் உரையாடல் இது. இதனால் ஆசிரியருக்குத் தெரியவருவது எதுவும் இல்லை. புரியாதவரும் அதே பதிலைத்தான் சொல்வார். கூடப் படிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து "புரியலை" என்று சொல்லும் துணிவு பதினேழு வயதில் எல்லாருக்கும் வந்துவிடாது.

மாணவரை வகுப்பில் ஈடுபடுத்த வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் இப்போது வலியுறுத்துகிறார்கள். குழு விவாதம், விளையாட்டு, வீடியோ, ஸ்மார்ட் போர்டு, ஒவ்வொருவரின் கற்றல் பாணிக்கு ஏற்ற பாடம் என்று பட்டியல் நீள்கிறது. இதில் எது தேறும், எது தேறாது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஃபிட்டர் படிக்க வருபவருக்குக் கிடைப்பது இரண்டே ஆண்டுகள். அதை வீணடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

முதலில் வலுவான சான்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம்; மாணவரைச் செயல்பட வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். தேர்வு மதிப்பெண்ணும் கூடியிருந்தது. 2020இல் எல்லி தியோபால்டும் சக ஆய்வாளர்களும் செய்த தொகுப்பாய்வு இன்னொன்றைக் காட்டியது: வசதி குறைந்த, ஒதுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தேர்வு மதிப்பெண் இடைவெளி இத்தகைய வகுப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிற்படிப்புக்கு வருகிறவர்கள் நிறைந்த நம் வகுப்பறைகளுக்கு இந்த இரண்டாவது முடிவுதான் அதிக முக்கியம் என்பது என் கருத்து.

ஆனால் இந்தச் சான்றை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. அவை பல்கலைக்கழக இளநிலை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த ஆய்வுகள். பட்டறையில் நடந்தவை அல்ல. மேலும், 'செயல்பட வைத்த வகுப்பு' என்ற ஒரே பெயருக்குள் பலவிதமான முறைகள் அடைக்கப்பட்டிருந்தன. எனவே வெறும் விரிவுரை போதாது என்பதை நம்பலாம். அதற்குப் பதிலாக எதைச் செய்தாலும் பயன் உண்டு என்று முடிவுகட்ட அதில் ஆதாரம் இல்லை.

பயிற்சிகளில் சொல்லப்படுபவற்றில் இரண்டைத் தயங்காமல் தள்ளிவிடலாம். படிப்பதில் 10 சதவீதமும் செய்வதில் 90 சதவீதமும் நினைவில் நிற்கும் என்று சொல்லும் பிரமிடு படம் பல பயிற்சி அரங்குகளில் திரையில் வருகிறது. எட்கர் டேல் 1946இல் வரைந்த கூம்புதான் அதற்கு மூலம் என்பார்கள். அந்தக் கூம்பில் சதவீதக் கணக்கே கிடையாது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவரைப் பிரித்துப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் சகாக்களும் 2008லேயே காட்டிவிட்டார்கள். வெல்டிங் யாராக இருந்தாலும் கண்ணும் கையும் காதும் சேர்ந்து கற்க வேண்டிய வேலை.

கருவிகள் பற்றியும் ஒரு சொல். ஹார்வர்டின் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை எளிமையானது: நடுவகுப்பில் ஒரு கேள்வி, சில விடைகள், ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதிட வேண்டும். இதற்கு மின்னணுப் பொத்தான் கருவி வேண்டுமா, அட்டை போதுமா என்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் நதானியேல் லஸ்ரி சோதித்தார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலன் கேள்வியில் இருக்கிறது. விரலைக் காட்டச் சொன்னாலே போதும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும்? வெர்னியர் காலிபரை எடுத்துக்கொள்வோம். மீச்சிற்றளவு 0.02 மி.மீ. முதன்மை அளவுகோலில் 23 கடந்திருக்கிறது. வெர்னியரில் 18ஆவது கோடு ஒத்துப்போகிறது. அளவு என்ன? 23.36 சரி. 23.18 என்றவர் 18ஐ அப்படியே ஒட்டிவிட்டார். 24.80 என்றவர் மீச்சிற்றளவை 0.1 என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தவறும் மாணவரின் மனத்தில் எங்கே சிக்கல் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இப்படிப்பட்ட ஒரு கேள்வியைத் தயாரிக்கத் தன் தொழிலை நன்கு அறிந்த ஆசிரியர் வேண்டும். அதற்கு வீட்டில் நேரமும் வேண்டும். பயிற்சி என்ற பெயரில் விளையாட்டுகளைக் கற்றுத் தருவதை விட, ஒரே ட்ரேடு ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து இப்படிக் கேள்விகள் எழுதுவது எவ்வளவோ பயன் தரும்.

எதிர்ப்பக்கத்தின் வாதமும் வலுவானதே. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதியது இது: அடிப்படை தெரியாதவரை வழிகாட்டல் இல்லாமல் தானே கண்டுபிடிக்க விட்டால், புதிய தகவல்களின் சுமையில் அவர் திணறிப்போவார். லேத்தின் முன் முதல்முறை நிற்பவரிடம் "நீயே யோசித்துச் செய்" என்பது ஆபத்தும்கூட. காட்டித் தருவது அவசியம். பட்டறை ஆசிரியர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். அமெரிக்கத் தொழிற்பயிற்சியாளர் சார்லஸ் ஆலன் 1919இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளை வகுத்தார்: மனத்தைத் தயார்செய்வது, காட்டிச் சொல்வது, மாணவரைச் செய்யவைப்பது, செய்ததைச் சோதிப்பது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்களைப் பயிற்றிய திட்டத்துக்கும் இதுவே அடிப்படையானது. நூறாண்டு பழைய இந்த முறையும் இன்றைய ஆய்வும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. நம் வகுப்புகளில் இரண்டாம் படியோடு ட்ரேடு தியரி முடிந்துவிடுகிறது. நான்காம் படி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. குறை அங்கேதான்.

சோதிப்பது என்றால் மதிப்பெண் போடுவது மட்டும் அல்ல. ரோடிகர், கார்பிக்கி என்ற ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். போன வாரப் பாடத்திலிருந்து நோட்டைத் திறக்காமல் மூன்று கேள்விக்கு விடை எழுதவைத்து வகுப்பைத் தொடங்க, பணம் எதுவும் தேவையில்லை.

நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் குழுவினரும் இயற்பியல் வகுப்புகளில் கண்டது: தாமே முயன்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்; தங்குதடையற்ற விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றும், அதிகம் கற்றதாக நம்பினார்கள். மாணவரின் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடும் கல்லூரி, உழைக்கவைக்கும் ஆசிரியரைத் தண்டித்துவிடக்கூடும்.

ஆறு பேருக்கு ஒரு வெர்னியர், பாடத்திட்டம் முடிக்கும் அவசரம், இரவு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வரும் மாணவர் ஆகியவற்றை எந்தக் கற்பித்தல் முறையும் சரிசெய்யாது. அவற்றுக்கு அரசும் நிர்வாகமும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் வைத்து என் தீர்ப்பு இது. ஈடுபாடு என்ற பெயரில் வரும் கலகலப்பைக் கற்றலுக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. தெளிவாகக் காட்டிச் சொல்வதைக் கைவிடவும் கூடாது. அதைச் சுருக்கமாக முடித்து, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் விடை சொல்லவும், கையால் செய்யவும், அன்றே திருத்தம் பெறவும் வேண்டும். கெட்டிக்காரர் நான்கு பேர் விடை சொல்லும் வகுப்பு, சத்தமாக இருந்தாலும், விரிவுரையை விட மேலானது அல்ல. கல்லூரி முதல்வர்கள் வகுப்பைப் பார்வையிடும்போது ஆசிரியரின் பேச்சைக் குறிப்பெடுப்பதோடு நிறுத்தாமல், கடைசி பெஞ்சில் இருப்பவரிடம் அன்றைய வேலையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.