கண்டபின் கடந்து போக இயலாதவர்கள்

தமிழ் மக்களுக்குத் திரைப்படம் என்றால் இரண்டரை மணி நேரம், ஐந்தாறு பாடல்கள், ஒரு நாயகன், இறுதியில் அவனுக்கு வெற்றி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பத்து, இருபது நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு படத்தை அளக்கப் புகுந்தால் அது முழுமை பெறாத ஒன்றாகவே தோன்றும். பெரிய படம் எடுக்கப் பணமில்லாதவர் எடுத்த சிறிய படம் என்பதே குறும்படம் பற்றிப் பலரும் கொண்டுள்ள கருத்து. அத்தகைய படங்களுக்கென்று விழா ஒன்று உண்டு என்றால் வியப்படைவோரும் இருக்கின்றனர். திருவண்ணாமலை போன்றதொரு கோயில் நகரில் வாழும் நமக்கு விழா என்ற சொல் தீபத்தன்று திரளும் மக்கள் வெள்ளத்தையே நினைவூட்டும். குறும்பட விழாவிலோ ஓர் அரங்கம், ஒரு வெண்திரை, சில நாற்காலிகள், படம் முடிந்ததும் எழுந்து பேசச் சிலர்; அவ்வளவே. மதுரையில் 'மறுபக்கம்' என்னும் அமைப்பு 1998இல் தொடங்கிய பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழா இவ்வகையைச் சேர்ந்தது. விலைபோகாத இப்படங்களைச் சிலர் விடாது எடுத்து வருவது ஏன்? அவர்களை உந்துவது எது? அவ்வுந்துதலின் தன்மை படத்தின் தரத்தில் வெளிப்படுகிறதா? இவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறியதாகவே பிறந்த கலை

திரைப்படம் பிறந்தபோதே சிறியதாகத்தான் பிறந்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களுள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடியது. அவற்றுள் ஒன்று, அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையின் வாயிலில் வேலை முடிந்து வெளியேறும் ஆண்களையும் பெண்களையும் காட்டியது. புதிய கருவி கைக்கு வந்ததும் அவர்கள் அதை அரண்மனை நோக்கித் திருப்பவில்லை. அன்றாடம் தம் கண்முன் நடமாடிய தொழிலாளர் நோக்கியே திருப்பினர்.

பத்தாண்டுகளில் அத்தகைய படங்கள் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தன. திருச்சியில் இரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சிறு படங்களையும் விலைக்கு வாங்கி, அவ்வேலையைத் துறந்து, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார். அவர் கொண்டுசென்றவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டிய படமும் ஒன்று. பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கை அவர் நிறுவினார்.

அடுத்த தலைமுறையில் ஏ.கே. செட்டியார் வருகிறார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. எவரும் அவரை ஏவவில்லை. எந்த நிறுவனமும் பொருள் தர முன்வந்து நிற்கவில்லை. பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்து, 1940இல் அப்படத்தை வெளியிட்டார். அது குறும்படம் அன்று என்றாலும், தமிழில் தனிமனித முயற்சியால் எடுக்கப்படும் படங்களுக்கெல்லாம் அதுவே மூத்த முன்னோடி. ஒன்று மனத்தில் புகுந்துவிட்டால் அதை இறக்கி வைக்காமல் உறங்க முடியாது என்ற நிலை கலைஞனுக்கு வருவதுண்டு. அந்நிலையை இங்கே காண்கிறோம்.

இரண்டு ஊற்றுகள்

இன்றைய தமிழ்க் குறும்படங்களை வரிசையாகப் பார்ப்பவர் அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஊற்றுகள் இருப்பதை உணரலாம். முதலாவது, பெரிய திரைக்குச் செல்லும் ஆவல். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி இவ்வாவலுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. நலன் குமரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் முதலியோர் அவ்வழியே வந்தவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படமாக வந்து, பின்னர் 2012இல் அதே பெயரில் முழுநீளப் படமாயிற்று. கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகப் பல்லாண்டு காத்துக் கிடக்க இயலாத இளைஞர்களுக்கு இது ஒரு நற்பேறு. இதனைக் குறை கூறுவதற்கில்லை. உழைத்து முன்னேற விரும்புவது எவ்வகையிலும் இழிவன்று. தொழில்நுட்பத் தேர்ச்சியும் சொற்சிக்கனமும் நம் குறும்படங்களுக்கு வந்து சேர்ந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இவ்வகையில் ஒரு குறை வேரூன்றிவிட்டது. ஒன்பது நிமிடம் பார்வையாளரை ஒரு திசையில் அழைத்துச் சென்று, பத்தாவது நிமிடத்தில் திடீரென வேறு திசையில் திருப்பித் திடுக்கிட வைப்பதே குறும்படத்தின் இலக்கணம் என ஆகிவிட்டது. கண்டதும் கைதட்டுகிறோம், வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடுகிறோம். அப்படத்தின் மாந்தர்கள் அந்தத் திருப்பத்துக்காக மட்டுமே உயிர் பெற்றவர்கள். திருப்பம் முடிந்ததும் அவர்களுக்கு வேலையில்லை. தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்கென 'கதை நேரம்' என்ற தலைப்பில் குறும்படங்களாக்கிய பாலு மகேந்திரா வேறொரு பாதையைக் காட்டியிருந்தார். கதை முடிந்த பின்னும் அதன் மாந்தர்கள் நம்முடன் தங்கியிருக்க வேண்டும் என்ற சிறுகதை மரபின் பாடம் அவற்றில் இருந்தது. அப்பாடத்தைப் பின்வந்தோர் போதிய அளவு கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஊற்று வேறு வகையானது. ஒரு காட்சியைக் கண்ட ஒருவர் அதைக் கடந்து போக இயலாமல் நின்றுவிடுகிறார். அவரிடமிருந்து பிறக்கும் படங்கள் இவை. மதுரை விழாவைத் தோற்றுவித்த ஆர்.பி. அமுதன் இவ்வகையினர்.

மதுரைத் தெரு ஒன்று

அமுதன் 2003இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'பீ'. இத்தகைய இதழொன்றில் அப்பெயரை எழுதுவதற்கே கை சற்றுத் தயங்குகிறது. அத்தயக்கமே படத்தின் பொருள் எனலாம். மதுரையில் ஒரு கோயிலை ஒட்டிய தெரு. மக்கள் அதைத் திறந்தவெளிக் கழிப்பிடமாகப் பயன்படுத்துகின்றனர். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்மணி நாள்தோறும் அங்கு வந்து மனித மலத்தை அள்ளித் தெருவைத் தூய்மை செய்கிறார். படம் காட்டுவது அவ்வளவே. ஏறத்தாழ 25 நிமிடங்கள் கருவி அவரைப் பின்தொடர்கிறது. அவர் வேலை செய்கிறார், வேலையினூடே பேசுகிறார். சொல்லைக் கேட்கவே கூசும் நாம், அதைக் கையால் தொடுபவரை அந்நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இப்படத்தின் வலிமை எங்கிருந்து வருகிறது? சோக இசையிலிருந்தோ ஆவேசமான பேச்சிலிருந்தோ அன்று. ஒரு தெருவைத் தூய்மை செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நம் உடலால் உணரச் செய்கிறது, அதிலிருந்தே வருகிறது. ஒரு செய்தித்தாள் இதனை இரண்டு வரிகளில் கூறிவிடும். நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். பெரிய திரைப்படமாயின் அப்பெண்ணுக்கு ஒரு மகளைத் தந்து, அம்மகளை மாவட்ட ஆட்சியராக்கி, நம் குற்ற உணர்வைக் கண்ணீராகக் கரைத்து அனுப்பிவிடும். குறும்படமோ நம்மைத் தப்பவிடாமல் அத்தெருவிலேயே நிறுத்துகிறது. அதன் சிறுமை இங்கே ஒரு வலிமையாகிறது.

லீனா மணிமேகலையின் 'தேவதைகள்' படத்தையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் ஒருவர், கடலுக்குச் சென்று மீன்பிடிக்கும் ஒருவர், ஆதரவற்ற பிணங்களை அடக்கம் செய்யும் ஒருவர் என மூன்று பெண்களை அது காட்டுகிறது. மூவரையும் இரக்கத்துக்குரியவர்களாகக் காட்டாமல், தத்தம் தொழிலில் வல்லவர்களாகக் காட்டுவது அதன் சிறப்பு. நெல்லையில் 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தின் வழியே உலகப் படங்களைத் திரையிட்டு வந்த ஆர்.ஆர். சீனிவாசன், 1999ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நடந்த பேரணியில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டதைத் தொடர்ந்து 'நதியின் மரணம்' எடுத்தார். படம் பார்க்கக் கற்றுத் தந்தவர், தம் ஊர் ஆற்றங்கரையில் நிகழ்ந்ததற்குச் சாட்சியாக மாறிய வரலாறு அது.

கருவி ஏந்தியவரின் கடன்

இரண்டாவது ஊற்றிலிருந்து வரும் படங்களெல்லாம் நல்ல படங்கள் என்று கூறிவிட முடியாது. அவற்றுக்கும் ஓர் இடர் உண்டு. அது முதல் வகையின் குறையைவிடக் கொடியது. பிறர் துன்பம் எளிதில் காட்சிப் பொருளாகிவிடும். முகத்தை மிக அருகில் காட்டுதல், கண்ணீர் வழியும் வரை கருவியை நிறுத்தாதிருத்தல், அதன்மேல் ஒரு குரல் வந்து அறநெறி உரைத்தல் என்றெல்லாம் அமைந்த படங்கள் விழாக்களில் குறைவில்லை. அவற்றில் எடுத்தவரின் நல்லெண்ணம் தெரிகிறது. எடுக்கப்பட்டவரின் முகம் நினைவில் நிற்பதில்லை. படத்துக்கு விருது கிடைக்கலாம். படத்தில் உள்ளவர் மறுநாள் காலையிலும் அதே தெருவுக்குத்தான் செல்ல வேண்டும்.

மலம் அள்ளும் பணியில் மனிதரை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. அதனினும் விரிந்த சட்டம் 2013இல் வந்தது. அதன் பின்னரும் திவ்யபாரதி 2017இல் 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்தை எடுக்க வேண்டியிருந்தது; அதன் திரையிடலைக் காவல்துறை தடுத்ததும் நிகழ்ந்தது. ஆகவே படம் எடுத்ததனால் என்ன மாறிவிட்டது என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது. படம் எடுத்ததனால் சட்டம் தானே நடைமுறைக்கு வந்துவிடாது. ஆனால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமையை அது நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஒரு கலைப்படைப்பிடம் இதனினும் மிகுதியாக எதிர்பார்ப்பதற்கில்லை. இதனினும் குறைவாக ஏற்பதற்கும் இல்லை.

சத்யஜித் ராய் 1964இல் எடுத்த 'இருவர்' என்னும் சிறு படம் இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. அதில் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. மாளிகையின் சன்னலருகே விளையாட்டுப் பொருள்கள் சூழ ஒரு சிறுவன். வெளியே குடிசையருகே புல்லாங்குழலுடன் மற்றொரு சிறுவன். ஏழைச் சிறுவன் எதைக் காட்டினும் அதைவிடப் பெரியதொன்றை மாளிகைச் சிறுவன் காட்டுகிறான். இறுதியில், வானில் பறந்த பட்டத்தைத் தன் துப்பாக்கியால் வீழ்த்துகிறான். வென்றுவிட்டதாக அவன் எண்ணியிருக்கையில் புல்லாங்குழல் மீண்டும் ஒலிக்கிறது. இரு குழந்தைகளையும் ராய் பழிக்கவில்லை. சன்னலை மட்டும் காட்டுகிறார். விழா அரங்கில் அமர்ந்திருக்கும் நாமும் ஒரு சன்னலருகே இருப்பவர்களே. வெளியே தெரிவதை வீழ்த்தப் போகிறோமா, அந்த இசைக்குச் செவிகொடுக்கப் போகிறோமா என்பது நம் கையில் உள்ளது.

நம் ஊரில் நின்று பார்க்கையில்

மதுரைத் தெருவைக் கண்டோம். நம் திருவண்ணாமலையில் அத்தகைய காட்சிகள் இல்லையா? பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் பக்தியோடு நடக்கின்றனர். மறுநாள் காலை அப்பாதை மீண்டும் தூய்மையாகக் கிடக்கிறது. அது தானாகத் தூய்மையானதன்று. அக்கைகளுக்குரியவர்களை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர்கள் மாண்டனர். அவர்களுள் பலர் நம் மாவட்டத்தினர். கூலிக்காக மலையை விட்டு இறங்கியவர்களின் வீடுகள் இன்றும் சவ்வாது மலைச் சரிவுகளில் உள்ளன.

இவ்வூர் கதை கேட்டுப் பழகிய ஊர். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த மண் இது. கலை இலக்கிய இரவுகளில் மக்கள் திறந்தவெளியில் அமர்ந்து எழுத்தாளர்களைக் கேட்ட நகரம் இது. கூத்துக் கலைஞரின் வாழ்வைப் பற்றி இவ்வூர் எழுத்தாளர் பவா செல்லதுரை எழுதிய 'ஏழுமலை ஜமா' என்னும் சிறுகதை குறும்படமாகவும் வந்தது. எனவே கதைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை; கேட்போருக்கும் பஞ்சமில்லை. கைப்பேசியிலேயே படம் எடுக்க முடிகிற இக்காலத்தில் கருவிக்கும் பஞ்சமில்லை. நின்று பார்க்கும் பொறுமைக்கே பஞ்சம்.

அப்பொறுமையைப் பயிற்றுவிக்க முடியும் என்று நம்பியவர் இயேசு சபைத் துறவி கஸ்தோன் ரொபேர்ஜ். கனடாவில் பிறந்த அவர், 1961இல் இந்தியாவுக்கு வரும் வழியில் நியூயார்க்கில் ராயின் அபு வரிசைப் படங்களைக் கண்டார். தாம் செல்லவிருந்த நாட்டின் மக்களை அவர் முதன்முதலாகச் சந்தித்தது அத்திரையில்தான். 1970இல் கொல்கத்தாவில் 'சித்ரபாணி' என்னும் மையத்தை நிறுவி, திரைப்படத்தைப் பார்க்கவும் படிக்கவும் இளைஞர்களுக்குக் கற்றுத் தந்தார். 2020இல் அவர் மறையும் வரை அப்பணி அவருடைய வாழ்வாக இருந்தது. எந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று பட்டியலிடுவதோடு நில்லாமல், எப்படிப் பார்ப்பது என்று கற்பிப்பதே பெரும்பணி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் பங்கு மன்றங்களில் நாற்காலிகள் உள்ளன. பல இடங்களில் படம் காட்டும் கருவியும் உள்ளது. மாதம் ஒரு மாலை, இருபது நிமிடப் படம் ஒன்றைத் திரையிட்டு, அதன் பின் ஒரு மணி நேரம் இளைஞரும் முதியோரும் கூடிப் பேசுவது கடினமன்று. படம் முடிந்ததும் எவரும் உடனே எழுந்து பேசாதிருக்கக்கூடும். அந்த மௌனத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு படம் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்குப் பல வேளைகளில் அதுவே அடையாளம்.