மாதிரி இரயில் பெட்டிகளின் ஓசை: எவ்வளவு உண்மை?

பொம்மை இரயில் வேறு, மாதிரி இரயில் வேறு. மாதிரியில் தண்டவாளம், சக்கரம், பெட்டி ஆகிய யாவும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்படும் எச்.ஓ. அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. 12 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டி 14 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. ஓசையையும் இப்படிச் சுருக்க முடியுமா?

முடியாது. ஒரு மணியை அதே வடிவில், அதே உலோகத்தில் 87 மடங்கு சிறிதாக வார்த்தால், அதன் அதிர்வெண் 87 மடங்கு உயரும். வினாடிக்கு 700 அதிர்வுகள் தந்த இஞ்சின் மணி, மாதிரியில் ஏறத்தாழ 61,000 அதிர்வுகள் தரும். நம் செவிக்கு 20,000-க்கு மேல் கேளாது. வௌவாலுக்கு வேண்டுமானால் கேட்கலாம்! ஆகவே மாதிரி இரயிலின் ஓசை வேறு வழியில் உண்டாக்கிச் சேர்க்கப்பட்டதே.

1935-இல் லயனல் நிறுவனம், இஞ்சினை அடுத்து வரும் நிலக்கரி வண்டிக்குள் சிறு மின்மோட்டாரையும் விசிறியையும் வைத்தது. தண்டவாளத்தில் ஓடும் மாறுதிசை மின்னோட்டத்தோடு சிறிது நேர்திசை மின்னழுத்தத்தைச் சேர்த்தால் ஒரு ரிலே இயங்கும். விசிறி சுழன்று காற்றை ஊதல் அறைக்குள் செலுத்தும். எளிய, அழகான ஏற்பாடு இது.

இப்போது காற்றின் வேலையைச் சில்லுகள் செய்கின்றன. கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரிலுள்ள சவுண்டிராக்ஸ் நிறுவனத்தின் 'சவுண்ட்கார்' சில்லை ஒரு பெட்டிக்குள் வைத்தால் தண்டவாள இணைப்பின் தடதடப்பு, தேய்ந்த சக்கரத்தின் தட்டல், வளைவில் எழும் கிறீச்சொலி எல்லாம் அப்பெட்டியிலிருந்தே வரும். கட்டளைகள் தண்டவாளத்தின் வழியே எண்முறைக் குறிகளாக வருகின்றன. முன்னே இஞ்சின் மட்டும் முழங்க, பின்னே பெட்டிகள் ஊமையாக ஊர்ந்த குறை இதனால் தீர்ந்தது. இது பாராட்டுக்குரியது.

சுருதியைச் சுருக்க முடியாவிட்டாலும் தாளம் சுருங்கும். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் வழக்கமாக இருந்த தண்டவாளத் துண்டின் நீளம் 39 அடி, அதாவது 11.9 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஒரு பக்கத் தண்டவாளத்தில் ஒரு சக்கரம் வினாடிக்கு 1.4 இணைப்புகளைக் கடக்கும். மாதிரியில் வேகமும் நீளமும் ஒருசேரக் குறைவதால் அதே 1.4 கிடைக்கிறது. ஆனால் பெட்டியிலுள்ள சில்லு சக்கரத்தைப் பார்ப்பதில்லை; இஞ்சினுக்கு இடப்படும் வேகக் கட்டளையைக் கொண்டே தாளத்தை அமைக்கிறது. கட்டளையும் உண்மை வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கண் ஒன்று சொல்லும், காது வேறு சொல்லும். பழைய நீராவி இஞ்சின் மாதிரிகள் சிலவற்றில் சக்கர அச்சிலேயே மின் தொடுமுனை வைத்து, ஒரு சுற்றுக்கு நான்கு 'சுக்' ஒலிகள் பிசகாமல் எழச் செய்தனர். பெட்டிகளுக்கும் அதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது குறை ஒலிபெருக்கி. அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்துக்கு அதன் தகடு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 3 செ.மீ. தகட்டுக்கு அது இயலாது. ஆகவே 'தடக்' என்பது 'டிக்' ஆகிறது. தகட்டின் பின்புற அலை முன்புற அலையை அழிக்காதிருக்க மூடிய உறையும் தேவை. நல்லவேளையாக, சரக்குப் பெட்டியில் இஞ்சினைவிட இடம் அதிகம். அங்கும் மிகச் சிறிய ஒலிபெருக்கியையே ஒட்டிவிடுவோரை என்ன சொல்வது?

பெருங்குறையோ உரப்பு. எச்.ஓ. இரயிலை ஒரு மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பது, உண்மை இரயிலை 87 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். ஒரு மீட்டரில் இருக்கும் ஒலிச்செறிவில் ஏறத்தாழ 7,500-இல் ஒரு பங்கே அங்கு எட்டும். ஆனால் கண்காட்சிகளில் பெட்டிகள் காதோடு ஒட்டி நின்று கத்துகின்றன! மேலும், பற்றவைத்துத் தொடராக்கிய தண்டவாளத்தில் ஓடும் இக்காலக் கன்டெய்னர் வண்டிக்கு இணைப்பின் தடதடப்பைச் சேர்ப்பது காலப் பிழை.

கால்நடைப் பெட்டிகளில் மாடுகள் ஓயாமல் கத்துவதும் அப்படியே. ஓடும் வண்டியின் இரைச்சலில், 87 மீட்டருக்கு அப்பால் அது கேட்குமா? 1906-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, 28 மணி நேரத்துக்குமேல் கால்நடைகளை இறக்காமல் கொண்டுசெல்லக் கூடாது; பொதுவாக அதற்குள் இறக்கித் தீவனமும் தண்ணீரும் ஓய்வும் தர வேண்டும். உங்கள் மாதிரியில் அத்தகைய தொழுவம் ஒன்றை அமைத்து, வண்டி அங்கு நிற்கும்போது மட்டும் மாடுகளைக் கத்தவிடுங்கள்.